அறுபத்தொரு கீ, ஒற்றை விரல்

அத்தியாயம் ஏழு

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் ஆலங்கட்டி மழை பெய்துகொண்டிருந்தது.

அண்ணன் பேப்பரை மடித்தான். "வாயாடி, உங்க அண்ணிகிட்ட கேளு, இது எப்ப நிக்கும்னு."

"வானிலை அறிக்கையில அண்ணியோட விரலைப் பத்தி ஒண்ணும் போடலை," என்றேன்.

வழக்கமாக இப்படி எதையாவது சொன்னால் அண்ணியின் உதட்டோரம் லேசாக அசையும். அன்றைக்கு அசையவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அசையவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டு பாத்திரம் துலக்கப் போனேன். என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சேதி என்று புரியும்.

அண்ணி தட்டிக்கொண்டிருந்த கீபோர்டு பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்தான் இருக்கும். அகலம் ஒரு கை. தூக்கினால் செங்கல். சாதாரண கீபோர்டில் வலது பக்கம் இருக்கிற எண்கள், அம்புக்குறிகள், உச்சி வரிசை எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு அறுபத்தொரு கீயை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் சண்டை போட்டு விளையாடுகிறவர்களுக்காகச் செய்தது. ஒவ்வொரு கீக்கு அடியிலும் தனித்தனியாக ஒரு ஸ்பிரிங். அழுத்தினால் விரலுக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும்.

இந்தச் செங்கல் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில் நான் செய்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாங்கள் துப்பறிகிறவர்கள். அதாவது, அண்ணி துப்பறிவார். நான் பை தூக்குவேன், குறிப்பெடுப்பேன், நடுநடுவே யாராவது அழுதால் சிரிக்க வைப்பேன். எங்களைக் கூப்பிட்டவர் ஒரு சின்ன அலுவலகத்தின் முதலாளி. புதிதாக வருகிற கம்ப்யூட்டர் சாமான்களை உபயோகித்துப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று விமர்சனம் எழுதுவது அவர்கள் தொழில். கடைக்கு வருவதற்கு முன்பே தயாரிப்பாளர்கள் பொருளை அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான்: சொன்ன நாள், சொன்ன மணிக்கு முன்னால் ஒரு வரிகூட வெளியே வரக்கூடாது.

இந்தக் கீபோர்டுக்குச் சொன்ன நேரம் வியாழக்கிழமை காலை பத்து. விமர்சனம் செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கே வெளியாகிவிட்டது. அதுவும் முதலாளியின் பெயரிலேயே, முதலாளியின் பாஸ்வேர்டைப் போட்டு. தயாரிப்பாளர்கள் கொதித்துப் போனார்கள். செய்தது யார் என்று பெயரைச் சொல்லி, அந்த ஆளை வெளியே அனுப்பினால் ஒழிய இனி ஒரு கீயைக்கூட அனுப்ப மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள்.

அந்தப் பெயரைக் கண்டுபிடித்தது நான்.

வெள்ளிக்கிழமை அண்ணி எல்லோரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் சும்மா இருக்க முடியாமல் இந்தக் கீபோர்டின் வலது ஓரத்துக் கீயை அமுக்கினேன். திரையில் அதுவாகவே முதலாளியின் பெயர் விழுந்தது. அடுத்த கட்டத்தில் புள்ளி புள்ளியாகப் பாஸ்வேர்டு விழுந்தது. மெதுவாகத்தான் விழுந்தது, பொருளின் குணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முதலாளியின் பக்கம் திறந்தது. மேற்கொண்டு என்ன நடக்கிறது என்று பார்க்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. கேபிளைப் பிடுங்கி, கீபோர்டை மீன் பிடித்தவன் மாதிரி தூக்கிக் காட்டினேன்.

ஆட்டக்காரர்களுக்கு இது ஒரு வசதி. நாம் தட்டுகிற வரிசையைப் பதிந்து வைத்துக்கொண்டு, ஒரே கீயை அமுக்கினால் மொத்தத்தையும் திரும்பத் தட்டும். யாரோ முதலாளியின் பாஸ்வேர்டை அதில் பதிந்திருக்கிறார்கள். இரண்டு வாரமாக அதை வைத்திருந்தது ஒரே ஒருவர்தான்: கீபோர்டுகளைச் சோதிக்கிற பெண். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'காது'. கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே உள்ளே என்ன ஸ்பிரிங் என்று சொல்வாராம்.

காது அப்போது ஜன்னலோரம் நின்றிருந்தார். எதிர்க் கட்டடம் நெருங்கி நின்று வெளிச்சத்தை மறைக்கிற ஜன்னல். எங்களுக்கு முதுகும் இடது தோளும்தான் தெரிந்தன. செவ்வாய்க்கிழமை ஒன்று நாற்பதுக்கு எங்கே இருந்தீர்கள் என்று அண்ணி கேட்டார். பதில் இல்லை. நானும் கேட்டேன். பதில் இல்லை. கூடத்தில் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு அரிக்கும்.

"பேருதான் காது. வேண்டாததெல்லாம் கேக்காது போலிருக்கு," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அங்கே சாமான்களைப் படமெடுக்கிற கேமராக்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். காது திரும்பிப் பார்த்து, "நான் பண்ணலை," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு போனார்.

முதலாளி திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கடிதம் அனுப்புவதாகச் சொன்னார். தயாரிப்பாளர்களுக்கும், இதே தொழில் செய்கிற மற்ற எல்லா அலுவலகங்களுக்கும், காதின் பெயரைப் போட்டு. அது போனால் இந்தத் தொழிலில் அவருக்கு ஒரு கதவும் திறக்காது. அண்ணி தலையை ஆட்டினார். ஆனால் கிளம்பும்போது, திங்கட்கிழமை திருப்பித் தருகிறேன் என்று கீபோர்டையும் காதின் குறிப்பு நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"கைய துடைச்சிட்டு இங்க வா," என்று இப்போது மேஜையிலிருந்து அண்ணி கூப்பிட்டார்.

நோட்டு மேஜை மேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. நான் நிறையப் பேருடைய நோட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான ஒன்றைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு பத்தி: 'ஒலி' என்று ஒன்று, 'விரலுக்குத் தெரிவது' என்று ஒன்று. முதல் நாள் எழுதியிருந்தார்: ஸ்பேஸ் பாரின் இடது முனை ஆடுகிற பல் மாதிரி இருக்கிறது, தகர டப்பாவில் ஒற்றைப் பட்டாணியின் சத்தம். அண்ணி தட்டிக் காட்டினார். பட்டாணிதான்.

"காலையிலேர்ந்து இவங்க எழுதினதை ஒவ்வொண்ணா சரி பாத்தேன். ஒரு வரி பொய்யில்லை. இதைப் படி."

ஆறாம் நாள் குறிப்பு. டெலீட் கீ தனியாகக் கிடையாது. ஃபங்ஷன் கீயைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அமுக்க வேண்டும். அதற்கு ஒட்டின கீதான் பதிவு செய்கிற கீ. விரல் ஒரு நூல் தவறினால், அழிப்பதற்குப் பதில் பதிய ஆரம்பித்துவிடும். மறுபடி அமுக்கினால்தான் நிற்கும். மோசமான யோசனை, அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

"இப்ப பாரு," என்று அண்ணி ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வலது ஓரத்துக் கீயை அமுக்கிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

யாரும் தொடாத திரையில் எழுத்துகள் விழ ஆரம்பித்தன. முதலில் ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று. பக்கத்து எழுத்து ஒன்று தவறி விழுந்தது, அழிந்தது, சரியானது வந்தது. முதலாளியின் பெயர் முடிவதற்குள் நான் இரண்டு தடவை மூச்சு விட்டேன். வெள்ளிக்கிழமை 'பொருளின் குணம்' என்று நான் தள்ளிவிட்டது இதுதான். இந்தக் கீபோர்டு எழுத்தை மட்டும் பதியவில்லை. தயக்கத்தையும் பதிந்திருந்தது.

அண்ணன் பின்னால் வந்து நின்றான். காய்கறி நறுக்குகிற கத்தி கையில். "யாருடி இது, என்னை மாதிரியே தட்டறான்?"

அண்ணி திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

"ஒத்த விரல் ஆசாமி இவன். பாரு, பக்கத்துப் பக்கத்து எழுத்து கடகடன்னு வருது. தூரத்து எழுத்துக்கு நேரமாகுது. தேடறான். நான் உனக்கு மெசேஜ் அனுப்பறப்ப இப்படித்தான்."

"அதான் கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எழுதின பதிலெல்லாம் மறுநாள் வந்துச்சா?" என்றார் அண்ணி. அவ்வளவு நேரத்தில் வீட்டில் விழுந்த ஒரே சிரிப்பு அது. நான் வரவழைத்ததல்ல.

திரையில் பாஸ்வேர்டு முடிந்தது. அதிலும் மூன்று தவறு, மூன்று திருத்தம். என்டர். அப்புறம் அடுத்த பட்டனுக்குத் தாவுகிற டேப் கீ இரண்டு தடவை, இன்னொரு என்டர்.

"அதுதான் வெளியிடற பட்டன். செவ்வாய்க்கிழமை ஒண்ணு நாப்பது," என்றார் அண்ணி.

முடிந்தது என்று நான் கையை நீட்டினேன். அண்ணி தடுத்தார். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்தது. பதினோரு விநாடி ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அழிக்கிற கீ தானாக ஓட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, பத்து, இருபது. எழுதினதெல்லாம் வரிவரியாகக் கரைந்து, கடைசி எழுத்தும் போய், பக்கம் வெறுமையான பிறகும் நிற்கவில்லை. அழிக்க ஒன்றுமில்லாத இடத்தில் அழித்துக்கொண்டே இருந்தது.

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தான்.

"பாஸ்வேர்டைத் திருடறவ தப்புந் தவறுமா பதிஞ்சு வெப்பாளா?" என்று அண்ணி கேட்டார். "காது பத்து விரல்ல தட்டறவங்க. இது யாரோ டெலீட்டைத் தேடி, பதிவை அமுக்கிட்டாங்க. கை தட்டினதெல்லாம் பதிஞ்சுபோச்சு. கைதவறி வெளியிட்டுட்டு, போனதைத் திரும்ப அழிக்கப் பாத்திருக்காங்க. கடைசியா மறுபடி டெலீட்னு அமுக்கினதுல பதிவு நின்னுடுச்சு."

அப்படியானால் காது எதற்காக வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். எங்கே இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே.

அண்ணி நோட்டை என் பக்கம் தள்ளினார். "எழுதினதைப் படிக்காத. எவ்வளவு எழுதியிருக்காங்கன்னு மட்டும் பாரு."

பார்த்தேன். முதல் நாள் 'ஒலி' பத்தி அரைப் பக்கம். ஐந்தாம் நாள் நாலு வரி. பத்தாம் நாள் ஒரு வரி. கடைசி மூன்று நாள் வெறும் கோடு. 'விரலுக்குத் தெரிவது' மட்டும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போயிருந்தது.

"போன்ல கேட்டுடலாமே," என்றேன். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"போன்ல கேட்டா அவங்களுக்கு வசதிப்படாது," என்று அண்ணி செருப்பை மாட்டினார்.

காதின் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவர் கணவர். நாங்கள் யார் என்று தெரிந்ததும் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே விட்டார். துவைத்த துணி நாற்காலிகளில் கிடந்தது. அதை அள்ளிக்கொண்டே, யோசிக்காமல், பழக்கதோஷத்தில் சொன்னார்: "அந்தப் பக்கம் வேண்டாம். வலது பக்கம் உக்காருங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. துணியோடு அப்படியே நின்றார்.

காது அதைப் பார்த்துச் சிரித்தார். கோபம் இருக்கும், அழுகை இருக்கும் என்று தயாராகப் போயிருந்த எனக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. பிற்பாடு அவரே அனுமதித்த அளவுக்குச் சொல்கிறேன். இடது காது மூன்று மாதமாகக் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. முதலில் மெல்லிய சத்தங்கள், பிறகு பேச்சு. மிச்சமிருந்த ஒற்றைக் காதால் ஸ்பிரிங்குகளைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்று நாற்பதுக்கு அவர் காது டாக்டரின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று சொன்னதற்குக் கையைத் தூக்காமல் இருந்திருக்கிறார். மருத்துவமனைச் சீட்டில் நேரம்கூட அச்சாகியிருந்தது. அதைக் காட்டியிருந்தால் வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிந்திருக்கும்.

"ஏன் காட்டலை?" என்று அண்ணி கேட்டார்.

"திருடி இல்லைன்னு என்னிக்காவது ஒரு நாள் தெரிஞ்சிடும், மேடம். காது திரும்ப வராது." சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "அங்க என் பேரே அதுதானே."

அண்ணி அந்தச் சீட்டைக் கையால்கூடத் தொடவில்லை. இது இல்லாமலே முடிக்கிறேன், திங்கட்கிழமை பதினோரு மணிக்கு உங்கள் மேஜைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், படியிறங்கினேன். படியில் ஒரு நினைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை அவர் எங்களுக்கு இடது பக்கம் காட்டி நின்றார். அப்படியானால் நான் சொன்ன ஜோக் அவருக்குக் கேட்டிருக்காது. ஒரு கணம் மனசு லேசானது. அந்த லேசுக்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டு மிச்சப் படிகளை இறங்கினேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அலுவலகத்தில் அண்ணி ஒரு நாடகம் போட்டார். தயாரிப்பாளர்களைச் சமாதானப்படுத்த எல்லோருடைய கருத்தும் வேண்டும், ஆளுக்கு இரண்டு வரி இந்தக் கீபோர்டில் தட்டிப் பாருங்கள் என்றார். என் சந்தேகம் எடிட்டர் மேல். விமர்சனங்களை வெட்டி ஒட்டுகிற அந்த அம்மாளுக்கும் காதுக்கும் ஆகாது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அவர் உட்கார்ந்து பத்து விரலாலும் பொரிந்து தள்ளிவிட்டு, "கை வலிக்கலை, காது வலிக்குது," என்று எழுந்து போனார். கேமராக்காரர் நாலு விரல். வரவேற்பில் இருக்கிற பெண் ஆறு விரல், திரையைக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்களும் தட்டினார்கள். ஒற்றை விரல் யாருமில்லை.

"நம்ம ஆள் லீவு போலிருக்கு," என்று முணுமுணுத்தேன்.

அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஆளுயரப் படம் ஒன்று. இருபது வருஷமாகக் கீபோர்டுகளுக்கு மதிப்பெண் போட்டுப் பெயர் வாங்கிய முதலாளி, ஒரு கீபோர்டின் மேல் இரண்டு கையையும் வைத்துச் சிரிக்கிறார்.

"எந்தக் கீபோர்டா இருந்தாலும் நடு வரிசையில ரெண்டு கீயில சின்ன மேடு இருக்கும். எதுக்குன்னு தெரியுமா?"

"ஆள்காட்டி விரலுக்கு. பாக்காமலே இடம் தெரியறதுக்கு." டைப் கற்றுக்கொண்ட எல்லோருடைய விரலும் தானாக அங்கேதான் போய் உட்காரும்.

"அவர் விரல் எங்க இருக்கு?"

படத்துக்குக் கிட்டே போனேன். பத்து விரலும் அகல விரிந்து, பியானோ வாசிக்கப் போகிறவர் மாதிரி இருந்தன. மேடு இரண்டும் வெறுமையாக, விரல்களுக்கு நடுவில் தெரிந்தன.

எங்களைக் கூப்பிட்டவரே அவர்தானே.

முதலாளியின் அறையில் அண்ணி கதவைச் சாத்தினார். நீங்கள் ஒருத்தர்தான் பாக்கி, இரண்டு வரி தட்டுங்கள் என்றார். எனக்கு எதற்கு, நான் போனில் சொல்லுவேன், அது எழுதிக்கொள்ளும் என்று அவர் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சரி, நீங்கள் தட்ட வேண்டாம், இது தட்டுவதைப் பாருங்கள் என்று அண்ணி கேபிளைச் சொருகி, வலது ஓரத்துக் கீயை அமுக்கினார்.

எழுத்து. இடைவெளி. எழுத்து. தவறு. திருத்தம். முதலாளி தன் பெயர் தன் கை வேகத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்டர் விழுந்தது. டேப் விழுந்தது. இரண்டாவது என்டரும் விழுந்தது. திரை நின்றது.

நாலாவது விநாடியோ ஐந்தாவதோ, அவர் கையை நீட்டிக் கேபிளைப் பிடித்தார். பிடுங்கவில்லை.

"இதுக்கப்புறம் என்ன வரும்னு எனக்குத் தெரியும்," என்றார்.

அழிக்கிற கீ ஓட ஆரம்பித்தது. மூன்று பேரும் அது முடியும்வரை பார்த்தோம்.

அவர் எதையும் மறைக்கவில்லை. டெலீட் கீ பற்றிக் காது விமர்சனத்திலும் எழுதியிருந்த 'மோசமான யோசனை' என்ற வரி கொஞ்சம் காரமாகப் பட்டிருக்கிறது. தயாரிப்பாளர்கள் மனம் கோணக்கூடாதே என்று, சாப்பாட்டு நேரத்தில் யாருமில்லாதபோது காதின் மேஜையில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடப் பார்த்திருக்கிறார். முதலில், உள்ளே நுழையப் பெயர் போடுகிற கட்டத்தில் நின்ற காதின் பெயரை அழிக்க டெலீட்டைத் தேடினார். அப்போதே பதிவு தொடங்கிவிட்டது. உள்ளே போனதும், திருத்துகிற பட்டன் என்று நினைத்து வெளியிடுகிற பட்டனை அமுக்கிவிட்டார். டெலீட் கீ மோசமாக இருக்கிறது என்ற வரியை அழிக்கப் போய், அந்த டெலீட் கீயிலேயே மாட்டிக்கொண்ட மனிதர். வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

"இருபது வருஷமா எந்தக் கீ நல்லாயிருக்குன்னு எல்லாருக்கும் சொல்றேன்," என்றார். "ஆரம்பத்துல கத்துக்க வெட்கம். அப்புறம் தெரியாதுன்னு சொல்ல வெட்கம். உங்களைக் கூப்பிட்டது ஒரு பேச்சுக்கு. ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டீங்க, தெரியலைன்னு எழுதி அனுப்பிடலாம்னு நெனைச்சேன். நீங்க அவங்க பேரைச் சொன்னப்ப..." நிறுத்தினார். "எனக்கு மூச்சு வந்துச்சு. அதுதான் உண்மை."

"நாங்க ஒரு தப்பு பண்ணோம்," என்றார் அண்ணி. "நீங்க அதுமேல ஏறி உக்காந்துட்டீங்க. ரெண்டு பேரும் இறங்கணும். எங்க நடந்துச்சோ அங்கயே."

அவர் தலையை ஆட்டினார். அன்று மதியம் எங்கே போயிருந்தீர்கள் என்று காதிடம் கேட்க வேண்டாமா என்றார். கேட்க வேண்டிய தேவை இனி யாருக்கும் இல்லை என்று அண்ணி கதவைத் திறந்தார்.

பதினோரு மணிக்குக் காது வந்தபோது முதலாளி கூடத்தின் நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மேஜையில், அந்தச் சின்னக் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை வெளியிட்டது தான்தான் என்று முதலில் வாயால் சொன்னார். பிறகு தயாரிப்பாளர்களுக்கான கடிதத்தைத் தன் கையாலேயே தட்ட ஆரம்பித்தார். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால். மூன்று வரிக் கடிதம். ஆள் மாற்றி ஆள் நின்று பார்த்தார்கள். எழுத்தைத் தேடி விரல் காற்றில் நிற்கும்போதெல்லாம் எடிட்டர் தன்னையறியாமல் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்தார். பதினாலு நிமிஷம் ஆயிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை. கேமராக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில் காதின் விமர்சனம் ஒரு சொல்கூட மாறாமல் இருக்கும் என்று தட்டி, அனுப்பிவிட்டு, அவரிடம் போய்க் கை கூப்பினார்.

முதலாளி இறங்கியாயிற்று. அண்ணியும் எல்லோர் முன்னாலும் வெள்ளிக்கிழமை நாங்கள் பெயர் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டார். பாக்கி நான்.

காது தன் மேஜையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்துப் பக்கம் இருந்தது அவருடைய இடது பக்கம். நான் அங்கே போய் நின்று, என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு, "மன்னிச்சிடுங்க," என்றேன்.

அவர் திரும்பவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம். சொல்லிவிட்டேன்தானே, கேட்காதது என் குற்றமா என்று ஒரு குரல் உள்ளே நியாயம் பேசியது. சனிக்கிழமை படியிறங்கும்போது என் மனசை லேசாக்கியதே, அதே குரல். எந்தப் பக்கம் நின்றால் கேட்காது என்று தெரிந்துகொண்டுதான் என் கால் அந்தப் பக்கம் போயிருக்கிறது.

மேஜைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் உடம்பை நெளித்து வலது பக்கம் போனேன். கூடத்தில் இருந்த ஆறு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை இங்க நின்னு உங்களைப் பத்தி ஒண்ணு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க திருடலைன்னு தெரிஞ்சதால இப்ப சொல்லலை. திருடியிருந்தாலும் நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

பின்னால் தட்டிக்கொண்டிருந்த சத்தமெல்லாம் நின்றது.

காது என்னைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தார். எதிர்க் கட்டடத்தின் இருட்டில் கூடம் முழுக்க அதில் தெரிந்தது. எடிட்டர், கேமராக்காரர், சுவரில் படம், எல்லோருக்கும் நடுவே என் முகம்.

"முதல்ல சொன்னதே தெரிஞ்சுது," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கக் கத்துக்கிட்டிருக்கேன். ரெண்டு மாசமாச்சு."

நான் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமையும் இதே ஜன்னல்தான்."

எனக்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும். பஸ்ஸில், கல்யாண வீட்டில், போலீஸ் ஸ்டேஷனில்கூட இருந்திருக்கிறது. அன்றைக்கு வாய் திறந்தபடியே இருந்தது. அதுவும் கண்ணாடியில் தெரிந்தது.

காது காலால் ஒரு நாற்காலியை மேஜைக்கு அடியிலிருந்து இழுத்து, சுவர்ப் பக்கம், தன் வலது கைக்கு அருகில் போட்டார். பிறகு அந்தச் சின்னக் கீபோர்டை நடுவில் வைத்து, ஸ்பேஸ் பாரின் இடது முனையைத் தொட்டார்.

"உக்காருங்க. இது இன்னும் ஆடுதான்னு கேட்டுச் சொல்லுங்க."

உட்கார்ந்தேன். தட்டினேன். குனிந்து, காதை வைத்துக் கேட்டேன்.

"பட்டாணி," என்றேன்.